பின் அட்டையோடு போன எட்டுப் பக்கம்

இப்போதெல்லாம் நாற்பது வயது ஆட்கள் குழந்தைப் புத்தகம் படிக்கிறார்கள். பேருந்தில் பார்க்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் பார்க்கிறேன். டை கட்டியவன், தலை நரைத்தவள், எல்லாரும் பேசும் மிருகமும் பறக்கும் படகும் உள்ள புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிறார்கள். பக்கத்தில் ஒரு கிழவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவது கண்ணில் படாது. நரிக்குக் கால் போனதற்கு அழுவார்கள். எனக்கு முழங்கால் போனதற்கு நகர்ந்து உட்கார மாட்டார்கள்.

என் மகளும் அந்தக் கூட்டம்தான். நாற்பத்தொரு வயது. பல் கட்டும் லேபில் வேலை. என் வாயில் இருக்கும் பல் செட்டின் மேல் வரிசையும் கீழ் வரிசையும் அவள் கையால் செய்தவை. அப்படி நுணுக்கமான வேலை தெரிந்தவள், பத்து வயதில் படித்த கதையைப் போன வருடம் திரும்பவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மொத்தம் ஏழு புத்தகம். ஒரு சின்னப் பெண் வறண்ட தண்ணீர்த் தொட்டிக்குள் ஏணி வழியாக இறங்குகிறாள். அடியில் வேறொரு நாடு. அதன் வாசலில் ஒரு சுங்கச் சாவடி. உள்ளே போக வேண்டுமானால் நிழலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று கால் நரி ஒன்று அவளுக்குத் துணை. அண்ணன்காரன் மேலேயே தொட்டி விளிம்பில் காத்திருக்கிறான். இதைத்தான் ஒருவன் ஏழு புத்தகமாக இழுத்திருக்கிறான்.

அந்த ஏழையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். பழைய காகிதக் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம் அட்டை உரித்தேன். அட்டை போகும் ஆலை வேறு, தாள் போகும் ஆலை வேறு. தாளோடு அட்டையும் பசையும் கலந்துவிட்டால் ஆலைக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் முன் அட்டையைப் பிடித்து ஓர் இழு, பின் அட்டையைப் பிடித்து ஓர் இழு, முதுகை உரித்து எறி. ஒரு புத்தகத்துக்கு மூன்று மூச்சு. பசை பிடித்த பக்கங்கள் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் அட்டையோடு போகும். போனால் போகட்டும். கிடங்குக்கு வருவதை யார் படிக்கப் போகிறார்கள்?

அந்த ஏழும் ஒரே மூட்டையில் வந்தன. ஏழையும் உரித்துப் போட்ட பிறகுதான் உள்ளே நரிப் படம் கண்ணில் பட்டது. பிள்ளைக்கு ஆகுமே என்று சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். பெயர் கிடையாது, எழுதினவன் யாரென்று கிடையாது, எது முதல் எது கடைசி என்றும் கிடையாது. அவளாகவே முன்னே பின்னே படித்துப் பார்த்து வரிசை கண்டுபிடித்து, சிமெண்ட் பை தாளில் அட்டை போட்டு, ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதி வைத்தாள். ஒரு புத்தகத்தில் கடைசிப் பக்கம் போயிருந்தால் அடுத்த புத்தகத்தில் விவரம் தெரிந்துவிடும். ஏழாவதுக்கு அடுத்தது கிடையாதே.

அன்றைக்கு வேலை முடிந்து வந்து காலைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, கடைசில அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாளா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீதானே கிழிச்ச. கிழிக்கறப்ப பார்க்கலையா?"

உடம்பு அலுப்பு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பார்த்தேன். எல்லாரும் செத்துட்டாங்க. போய்ச் சாப்பிடு."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் மறந்துவிட்டேன்.

போன வருடம் தலைவலி என்று ஆரம்பித்தாள். நான்தான் சொன்னேன், "லேப்ல பல் அச்செடுக்கற மாவுத் தூசி. நாலு நாள் லீவு போட்டுப் படு. டாக்டர்கிட்ட போனா இல்லாத நோயெல்லாம் சொல்லுவான்." எனக்கு டாக்டர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. இவள் அம்மா நடந்து போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், பிணமாகப் படுத்துத் திரும்பினாள். அதனால் சொன்னேன். மகளும் என் பேச்சைக் கேட்டாள். எப்போதும் கேட்காதவள் அதை மட்டும் கேட்டாள். எட்டு மாதம். லேபில் ஒரு நாள் பல் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, இது மேலா கீழா என்று தெரியவில்லை என்று சொன்னாளாம். அப்புறம்தான் கூட வேலை செய்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தலைக்குள் கட்டி. கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டு இருக்கிறது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

டாக்டர் அம்மா சின்ன வயதுதான். என்னையும் மாப்பிள்ளையையும் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்து, அவளிடமே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை காலைல எடுத்துடலாம். எடுத்தா பார்வை திரும்பி வர வாய்ப்பு இருக்கு. ஆனா மறைக்காம சொல்றேன். முழிச்ச பிறகு ஆளுங்களை அடையாளம் தெரியாம போகலாம். சில பேருக்குக் கொஞ்ச நாள்ல சரியாகும். சில பேருக்கு ஆகாது."

"எடுக்கலைன்னா?" என்றேன்.

"முதல்ல கண்ணு. அப்புறம் மூணு மாசமோ நாலு மாசமோ. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும். அவங்களுக்கு நினைவு தெளிவா இருக்கு. அவங்கதான் போடணும்."

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நான் இன்னும் ஏழாவது புத்தகம் முடிக்கலை. நாப்பது பக்கம் இருக்கு. முடிச்சுட்டுச் சொல்றேன்."

டாக்டர் அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மூளையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது. பயம். கையெழுத்துப் போடப் பயம், போடாமல் இருக்கவும் பயம். பயப்படுகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது. அதற்கு இந்தப் புத்தகம் ஒரு சாக்கு.

மாப்பிள்ளை ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவர். நல்ல மனிதர், கொஞ்சம் அழுமூஞ்சி. "நான் படிக்கறேன். சாயங்காலம் வந்து படபடன்னு முடிச்சுடறேன்," என்றார்.

"நீங்க வேண்டாம். கிழிச்சவரே படிக்கட்டும்."

"அடியே, நான் அஞ்சாவது வரைக்கும்தான்," என்றேன். "எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

"கூட்டிப் படி. எனக்கு வேற வேலை என்ன இருக்கு?"

அப்படித்தான் திங்கட்கிழமை ஆரம்பித்தோம். பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து ஐந்து. சிமெண்ட் பை தாள் அட்டை நைந்து துணி மாதிரி ஆகியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் முடிக்கக் கால் மணிக்கு மேல் ஆனது. நரி பேசும் இடமெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் கிழவி அவள் பாட்டுக்கு, "அந்த நரி என்னாச்சு பெரியவரே, சத்தமா படிங்க," என்று அதட்டினாள்.

"காசு வாங்கிக்கிட்டா படிக்கிறேன்? என் பொண்ணுக்குப் படிக்கிறேன்."

"காது எல்லாருக்கும்தானே இருக்கு."

மகள் சிரித்தாள். அந்த வாரம் முதல் தடவையாகச் சிரித்தாள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

புதன்கிழமை நாலரை மணிக்கு அந்தப் பெண் சுங்கச் சாவடிக்குத் திரும்பி வந்துவிட்டாள். நிழலைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறாள். சாவடிக்காரன், தருகிறேன், அதற்குப் பதிலாக நீ ஒன்றை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்கிறான். அவள், என்ன அது என்று கேட்கிறாள். சாவடிக்காரன் வாயைத் திறந்தான் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பல் பல்லாகக் கிழிந்த ஓரம்தான். என் கைக் கிழிசல் எனக்குத் தெரியாதா? பின் அட்டையை நான் எப்போதும் கீழிருந்து மேலே இழுப்பேன். அப்படியே இருந்தது.

"என்னப்பா, நின்னுட்ட?"

"முடிஞ்சுது."

"முடியலை. எனக்குத் தெரியும் அந்த இடம். அதுக்கப்புறம் எட்டுப் பக்கம் இருக்கணும். மத்த ஆறும் வச்சு எண்ணிப் பார்த்திருக்கேன்." கையை நீட்டிக் கிழிந்த ஓரத்தைத் தடவினாள். "அது இல்லாம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை போனை எடுத்தார். "இதுல தேடினா ஒரு நிமிஷத்துல கதைச் சுருக்கம் வந்துடும்."

"சுருக்கம் வேண்டாம். பக்கம் வேணும்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை வராந்தாவுக்குப் போய் அழுதார். எனக்கு அழக்கூட நேரமில்லை. நாளைக்குச் சாயங்காலம் கெடு.

வியாழக்கிழமை காலை புத்தகக் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். கடைக்காரர் பெரிய மீசை, ஐம்பது வயது இருக்கும். கவுண்டரில் அந்த மொட்டைப் புத்தகத்தை வைத்தேன்.

"இதோட கடைசி எட்டுப் பக்கம் வேணும்."

"புத்தகம் பேரு?"

"தெரியாது."

"எழுதினவரு?"

"தெரியாது. நரி இருக்கு."

"பெரியவரே, நரி இருக்கிற புத்தகம் என்கிட்ட அம்பது இருக்கு."

"மூணு கால்."

மீசைக்காரர் புத்தகத்தைப் பிரித்து நாலு வரி படித்தார். முகமே மாறிவிட்டது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். "ஐயோ, இதை யாரு இப்படிக் கிழிச்சது?"

"எவனோ."

"நான் இதை வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா படிப்பேங்க."

"வேற வேலை இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து புதிய ஏழாவது புத்தகத்தை எடுத்து வந்தார். பளபளவென்று அட்டை. "கடைசில சாகறாங்களா?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லக் கூடாதுங்க. படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்."

"என் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கறா. சொல்லுய்யா."

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீங்க முதல்ல தனியா ஒரு தடவை படிச்சுப் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படித்தேன். எட்டுப் பக்கம், இரண்டு மணி நேரம். எனக்குப் போக வேண்டிய பேருந்து ஏழெட்டு வந்து போய்விட்டது.

சாவடிக்காரன் கேட்டது இது: தெரிந்த முகங்களை எல்லாம் இங்கே விட்டுவிட்டுப் போ. அவள் கொடுத்துவிடுகிறாள். முதலில் நரியின் முகம். நரி முன்னாலேயே நிற்கிறது, அவளுக்கு அது யாரென்று தெரியவில்லை. நிழலை வாங்கிக்கொண்டு ஏணி ஏறுகிறாள். மேலே அண்ணன் கை கொடுத்துத் தூக்குகிறான். அவள் அவனைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறாள்.

பேருந்து நிறுத்தத்துத் தகரம் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. இதையா போய் அவளிடம் படிப்பது? டாக்டர் அம்மா சொன்னதை அப்படியே எவனோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறான். இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவாளா? நான் அன்றைக்குச் சொன்ன பொய்யே இதற்குத் தேவலை.

கை தானாகப் பின் அட்டைக்குப் போனது. கீழிருந்து மேலே ஓர் இழு. முப்பத்து நான்கு வருடப் பழக்கம். அட்டையும் எட்டுப் பக்கமும் சுத்தமாக வந்துவிட்டன. அட்டையை எறிந்தேன். அங்கேயே குப்பைத் தொட்டி இருந்தது, பக்கங்களையும் போட்டிருக்கலாம். போடவில்லை. மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

இரண்டு மணிக்குக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். படுக்கைக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் கையெழுத்துத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. கேளு."

மொட்டைப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என் பாட்டுக்கு விட்டேன். சாவடிக்காரன் நரியின் நாலாவது காலைத்தான் கேட்டான், அதுதான் ஏற்கனவே இல்லையே, அவன் ஏமாந்து போனான், நிழலைக் கொடுத்தான், அவளும் நரியும் ஏணி ஏறினார்கள், அண்ணன் கட்டிப் பிடித்துக்கொண்டான், எல்லாரும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்கள். எனக்கே நன்றாக இருந்தது. பக்கத்துக் கட்டில் கிழவி, "அப்பாடா," என்றாள்.

மகள் தலையை என் பக்கம் திருப்பினாள். "அப்பா," என்றாள். "மூணு நாளா ஒரு வரிக்கு ஒன்பது இடத்துல முட்டிக்கிட்டுப் படிச்ச. இன்னிக்கு எட்டுப் பக்கத்தை ஒரே மூச்சுல ஓட்டற. விரல் தாள்ல உரசுற சத்தம்கூட வரலை."

மடியில் இருந்த புத்தகத்தை மூடினேன்.

"சின்ன வயசுல எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொன்ன. முப்பது வருஷம் அதைச் சுமந்தேன். போன வருஷம், ஒருவேளை பொய்யா இருக்குமோன்னுதான் திரும்ப எடுத்துப் படிச்சேன். இப்ப எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு இன்னொண்ணு சொல்ற. தலைவலிக்கு ஒண்ணும் இல்ல, தூசின்னு சொன்ன."

கடைசியில் சொன்னதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"பக்கம் எங்க?"

சட்டைக்குள்ளிருந்து எடுத்தேன். மடங்கி, வியர்வையில் ஈரமாக இருந்தது.

"கிழிச்சுட்டியா?" என்று கேட்டாள். தாள் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. "புதுப் புத்தகத்தையுமா?"

"கை வேலை. சொன்னா கேக்காது."

"படி. முட்டி முட்டிப் படி."

படித்தேன். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. முகங்களை விட்டுவிட்டுப் போ என்ற இடத்தில் நின்றேன். "ம்," என்றாள். நரி இடத்தில் நின்றேன். "ம்." நீ யார் என்று அந்தப் பெண் கேட்கும் இடம் வந்தபோது அந்த இரண்டு சொல்லைக் கூட்டி முடிக்க எனக்கு அரை நாள் ஆன மாதிரி இருந்தது. அவள் போர்வையைப் பிடித்திருந்த கை வெளுத்துவிட்டது. கெட்டுப் போனது, எல்லாம் கெட்டுப் போனது என்று நினைத்தேன்.

"அண்ணன் என்ன செஞ்சான்?"

"உக்காந்தான்னு போட்டிருக்கு. தொட்டி விளிம்புல அவளை உக்கார வச்சு, அவனும் பக்கத்துல உக்காந்து, ஒரு கோடைல எங்க வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வறண்டு போச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சான். அவ்வளவுதான். அதோட முடிஞ்சுது."

"அது முதல் புத்தகத்தோட முதல் வரி."

"இருக்கும். எனக்கென்ன தெரியும்?"

"அவன் அழலையா?"

"எழுதலை."

"பயந்து ஓடலையே?"

"உக்காந்தான்னு போட்டிருக்குன்னு சொல்றேன்ல. எத்தனை தடவை கேப்ப?"

கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை, துடைத்தால் நானும் உடைந்துவிடுவேன்.

"அப்பா. நான் முழிச்சு உன்னைப் பார்த்து நீ யாருன்னு கேட்டா என்ன செய்வ?"

"ஏழு புத்தகத்தையும் முதல்லேருந்து படிக்கச் சொல்லாத. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவேன்."

"அப்ப என்ன செய்வ?"

"வாயைத் திறந்து பல்லைக் காட்டுவேன். என் மூஞ்சி மறக்கும். உன் வேலை மறக்குமா?"

முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்த சத்தத்தைக் கேட்டு நர்ஸ் ஓடி வந்துவிட்டார். "என்னாச்சு? என்ன சொன்னீங்க தாத்தா?"

"அவருக்கு மேல் வரிசைல இடது பக்கம் ரெண்டாவது பல்லு கொஞ்சம் கோணல் சிஸ்டர்," என்றாள் மகள் மூச்சு வாங்கிக்கொண்டே. "வேணும்னேதான் வச்சேன். ஒழுங்கா இருந்தா இவர் மூஞ்சிக்குப் பொருந்தலை. பேனாவைக் கொடுங்க. எங்க போடணும்னு என் விரலைப் பிடிச்சு வைங்க."

கையெழுத்துக் கோணல்மாணலாக, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. டாக்டர் அம்மா வந்து பார்த்துப் போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆறு மணி நேரம் ஆகும் என்றார்கள். வராந்தாவில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏழு புத்தகத்தையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவள் சொல்லியிருக்கிறாள். ஏழாவதில் நான் கிழித்த எட்டுப் பக்கத்தையும் ஊசி நூல் கொண்டு தைத்து வைத்திருந்தார். அதை இப்போது தானே படித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

"மாமா, இந்தப் புத்தகம் மட்டும் இல்லைன்னா அவ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டா."

"புத்தகம் போடலை மாப்பிள்ளை. அவ போட்டா."

"இருந்தாலும்... என்ன ஒரு முடிவு பாருங்க."

"இது ஒரு முடிவா? எழுதினவனுக்குப் பெண்பிள்ளை இருந்திருக்காது. இருந்திருந்தா அப்படி எழுதக் கை வருமா? அவளுக்கு ஞாபகம் வந்துச்சா இல்லையான்னு ஒரு வரி போட்டா பேனா தேஞ்சா போயிடும்?"

மாப்பிள்ளை ஏழாவதை மூடி வைத்தார். பையிலிருந்து ஒன்று என்று எண் போட்ட புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "முழிச்சதும் ஒருவேளை தேவைப்படலாம். இப்பவே ஒரு தடவை படிச்சுப் பழகிக்குங்க மாமா. நேரமும் போகும், மனசும் லேசாகும்."

பிரித்தேன். முதல் பக்கமும் நான் கிழித்ததுதான். பென்சிலால் அவள் சின்னக் கையெழுத்தில் மேலே எழுதியிருந்தாள்: ஒரு கோடையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வறண்டு போனது. பின்னால் வரும் ஏதோ ஒரு புத்தகத்தில் இந்த வரி திரும்ப வந்திருக்கும், அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள். இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எந்த நரியும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வரவில்லை. இதையெல்லாம் நம்பி எப்படித்தான் பொழுது போக்குகிறார்களோ.

புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்க மாமா? படிக்கலையா?"

"பல் கழுவணும்," என்று சொல்லிவிட்டு, வராந்தா கோடியில் இருந்த குழாயைப் பார்த்து நடந்தேன்.